கூப்பிடுகிற பெயர்: ரோமா பெண்களின் பெயர்களைப் பற்றி



ஐரோப்பாவில் வாழும் ரோமா மக்களின் பெண்பெயர்களைப் பற்றித் திருவண்ணாமலையில் பேசுவானேன் என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். இந்த ஊரில் பேசுவதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது. இங்கே அம்மனுக்கே இரண்டு பெயர். அர்ச்சனையில் அபிதகுசாம்பாள், ஊர்வாயில் உண்ணாமுலை. பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது உண்ணாமுலை என்றுதான் நம் முன்னோர் வைத்தார்கள். கோயிலின் வடக்குக் கோபுரத்துக்கு அம்மணி அம்மன் கோபுரம் என்று பெயர். சென்னசமுத்திரத்தில் பிறந்த அந்த அம்மையாருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அருள்மொழி என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பாதியில் நின்றுபோன கோபுரத்தை வீடு வீடாகக் காசு கேட்டுக் கட்டி முடித்தவர் அவர். அருள்மொழி என்ற பெயரைக் கேட்டால் இந்த ஊரில் யாருக்கும் கோபுரம் நினைவுக்கு வராது. அம்மணி என்றால் போதும், வடக்கே கை காட்டுவார்கள்.

நம் வீடுகளிலும் இதே நடைமுறைதான். பள்ளிக்கூடப் பெயர் ஒன்று, கூப்பிடுகிற பெயர் ஒன்று. ஜாதகத்தில் மூன்றாவதாக இன்னொன்றும் இருக்கும். பெயர் சூட்டும் நாளில் குழந்தையின் காதில் மும்முறை சொல்லுவது ஒன்று, பாட்டி வாயில் நிலைப்பது வேறொன்று. பொன்மலைத் தொழிலாளர் போராட்டங்களில் வளர்ந்து தமிழ்நாடே அறிந்த தலைவரான பாப்பா உமாநாத்தின் இயற்பெயர் தனலட்சுமி. அந்தப் பெயரில் அவரைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

ஏட்டில் இருக்கும் பெயருக்கும் வாயில் இருக்கும் பெயருக்கும் நடுவே உள்ள இந்தத் தூரம்தான் இன்றைய பேச்சின் பொருள். நமக்கு அது பெரும்பாலும் ஒரு வசதி. ரோமா பெண்களுக்கு அது உயிரோடு சம்பந்தப்பட்டதாக இருந்திருக்கிறது.

ரோமா மக்கள் யாரென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் மட்டும் ஒரு கோடிப் பேர் இருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடபகுதியை விட்டு மேற்கே போனவர்களின் வழித்தோன்றல்கள். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர் தவறாக எண்ணியதால் ஏற்பட்ட பெயர் ஜிப்சி. அவர்கள் தங்களை ரோம் என்றும், தங்கள் பெண்ணை ரோம்னி என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். 1782-இல் ஜெர்மன் அறிஞர் ரூடிகர் அவர்கள் பேசும் ரோமானி மொழியை இந்திய மொழிகளோடு ஒப்பிட்டு, அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைக் காட்டினார். எழுத்தில்லாமல், கல்வெட்டில்லாமல், நாடில்லாமல் போனவர்களின் வரலாற்றுக்கு அவர்கள் வாய்ச்சொல்லே சான்றாக நின்றது.

அந்தச் சொற்களைக் கேட்டால் உங்களுக்கும் அந்நியமாக இருக்காது. பெயருக்கு நாவ். தண்ணீருக்குப் பாணி. மூக்குக்கு நாக். சீமாட்டிக்கு ராணி. வெள்ளிக்கு ரூப், அதிலிருந்து ரூபா என்று பெண்ணுக்குப் பெயர். சிவப்புக்கு லோலோ, சிவந்தவள் லோலி. கறுப்புக்குக் காலோ, கறுத்தவள் காலி. ஆணுக்கு ஓகாரத்தில் முடிவது பெண்ணுக்கு இகரத்தில் முடியும். ஆயிரம் ஆண்டுகள், பாரசீகம், ஆர்மீனியா, கிரேக்கம், பால்கன் என்று அத்தனை நாடுகள் தாண்டியும் அந்த இலக்கணம் கெடவில்லை.

காலி என்றதும் நமக்குக் காளி நினைவு வரும். பிரான்சின் தென்கரையில் செந்த்-மரீ-த-லா-மேர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் மே 24 அன்று ரோமா மக்கள் சாரா என்ற கரிய நிறப் புனிதையின் உருவத்தைத் தோளில் சுமந்து கடலுக்குக் கொண்டுபோகிறார்கள். அவளுக்குச் சாரா-லா-காலி என்று பெயர். நம் காளிதான் கடல் கடந்து போய்ச் சாரா ஆனாள் என்று மேடைகளில் உணர்ச்சியோடு சொல்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ரோமானியில் காலி என்றால் கறுத்த பெண், அவ்வளவே. நம்மூரில் கருப்பாயி என்று மகளுக்குப் பெயர் வைக்கும் தாய் எந்த மனத்தோடு வைக்கிறாளோ அந்த மனம் அங்கேயும் இருக்கிறது என்பது எனக்குப் போதும். வெள்ளையர் நாட்டில், நிறத்துக்காக விரட்டப்பட்ட ஒரு மக்கள், கருமையைப் புனிதைக்கு அடைமொழியாக வைத்துத் தோளில் சுமக்கிறார்கள். அதற்குமேல் அந்தப் பெயருக்குத் தெய்வத் தொடர்பு தேட வேண்டிய தேவை என்ன?

லுலுடி என்ற பெயர் இன்னும் சுவையானது. பூ என்று பொருள். ஆனால் இது இந்தியச் சொல்லில்லை, கிரேக்கச் சொல். ரோமானியில் ஒன்று முதல் ஆறு வரை எண்கள் இந்திய மூலம் கொண்டவை. ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் கிரேக்கம். பைசாந்தியப் பேரரசின் நிலத்தில் அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கியிருந்தார்கள் என்பதை இவை சொல்கின்றன. வீட்டு வாசலில் "லுலுடி" என்று தாய் மகளைக் கூப்பிடும்போது அந்தக் கிரேக்க வாசமும் சேர்ந்து கூப்பிடப்படுகிறது. ஊருக்கு ஊர் இப்படித்தான். ருமேனியாவில் ஃப்ளோரிக்கா, முஸ்லிம் ரோமா வாழும் மாசிடோனியாவில் எஸ்மா. அந்த எஸ்மா, ஸ்கோப்யே நகரத்துப் பாடகி எஸ்மா ரெட்ஜெப்போவா, 1976-இல் சண்டிகரில் நடந்த ரோமா விழாவுக்கு வந்து பாடியவர். பெயர் அரபு வழி வந்தது, பாட்டின் மொழி இந்திய வழி வந்தது, பிறந்த மண் பால்கன்.

இங்கிலாந்துக்குப் போனால் விவிலியம். கெஸியா, வாஷ்தி என்ற பெயர்களை அங்குள்ள ரோமா குடும்பங்கள் விரும்பி வைத்தன. யோபுவின் மூன்று மகள்களில் ஒருத்தி கெஸியா. நறுமணப் பட்டையைக் குறிக்கும் எபிரேயச் சொல். வாஷ்தி, விருந்தினர் முன் வந்து அழகைக் காட்டு என்று அரசன் சொன்னபோது வரமாட்டேன் என்று மறுத்து, அரசிப் பட்டத்தை இழந்தவள். அந்தப் பெயரை மகளுக்கு இட்ட தாய் கதையைக் கேட்டுவிட்டுத்தான் இட்டிருப்பாள் என்று நான் நம்ப விரும்புகிறேன்.

உலகம் அறிந்த இரண்டு "ஜிப்சிப் பெண்களின்" பெயர்களை நான் இன்னும் சொல்லவில்லை. வேண்டுமென்றே தள்ளிவைத்தேன். எஸ்மெரால்டா 1831-இல் விக்தோர் ஹ்யூகோ எழுதிய நாவலின் பாத்திரம். மரகதத்துக்கு ஸ்பானியச் சொல் அது. கதைப்படி அவள் ரோமா பெண்ணே இல்லை. கைக்குழந்தையாகத் திருடப்பட்ட பிரெஞ்சுக் குழந்தை, இயற்பெயர் ஆஞ்ஞெஸ். ரோமா மக்கள் பிள்ளை திருடுவார்கள் என்ற பழியை உலகெங்கும் கொண்டுபோனதில் இந்தக் கதைக்கும் பங்குண்டு. கார்மென், மெரிமே 1845-இல் எழுதிய கதையிலிருந்து 1875-இல் பிஸேயின் இசை நாடகத்துக்கு வந்தவள். கார்மேல் மலை மாதாவின் பெயர் அது, ஸ்பெயினில் எந்தக் கத்தோலிக்க வீட்டிலும் இருக்கும். இரண்டு பெயரும் வெளியாட்களான ஆண்கள் இட்டவை. ரோமா பெண் என்றதும் இவை இரண்டும் நினைவுக்கு வந்து, பாப்புஷா என்ற பெயர் வராமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பாப்புஷா என்றால் பொம்மை. அரசாங்க ஏட்டில் ப்ரோனிஸ்லாவா வாய்ஸ். போலந்தில் யாழ் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போன குடும்பத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர். படிப்பு கூடாது என்ற சூழலில், யூதக் கடைக்காரப் பெண் ஒருவருக்குக் கோழி கொண்டுபோய்க் கொடுத்து எழுத்து கற்றார். போர்க்காலத்தில் காடுகளில் ஒளிந்து பிழைத்தார். அவர் பாடல்களை 1949 வாக்கில் யெர்ஸி ஃபிட்ஸோவ்ஸ்கி என்ற கவிஞர் கண்டெடுத்து, போலிஷ் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். நல்ல எண்ணத்தில் செய்தார். ஆனால் அதே காலத்தில் அரசாங்கம் ரோமா மக்களை வண்டியிலிருந்து இறக்கி ஓரிடத்தில் குடியமர்த்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பிரசாரத்துக்கு அவர் கவிதைகள் பயன்பட்டன. ஃபிட்ஸோவ்ஸ்கியின் நூலில் ரோமானிச் சொற்களின் பட்டியலும் இருந்தது. உள்வீட்டுச் சொல்லை வெளியாளுக்குக் கொடுத்துவிட்டாள் என்று பாப்புஷாவின் மக்கள் அவரைத் தீட்டுப்பட்டவர் என்று தள்ளிவைத்தார்கள். 1987-இல் இறக்கும்வரை அவர் பெரும்பாலும் தனிமையில் வாழ்ந்தார்.

மாணவிகள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். சொற்களைத் திரட்டுவது நம் துறையில் புண்ணிய காரியம்போல் பேசப்படுகிறது. திரட்டியவருக்குப் புகழ் வந்தது. கொடுத்தவளுக்கு அவள் உறவு முழுதும் போயிற்று.

அந்தச் சமூகம் ஏன் அவ்வளவு கடுமையாக நடந்துகொண்டது? அவர்கள் பெயர்களை அரசாங்கங்கள் என்ன செய்தன என்று பார்த்தால் விளங்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹங்கேரி அரசி மரியா தெரேசாவின் ஆட்சி, ரோமா என்ற அடையாளமே இருக்கக் கூடாது, இனி இவர்கள் "புதிய ஹங்கேரியர்" என்று ஆணையிட்டது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு வீடுகளில் வளர்க்கக் கொடுத்தது. இப்படிப்பட்ட உலகில் வாழ்ந்தவர்கள் பெயரைப் பல அடுக்காக வைத்துக்கொண்டார்கள். பிறந்ததும் தாய் காதோடு சொல்லி, பிறகு யாருமே உச்சரிக்காத பெயர் ஒன்று உண்டென்று பிரெஞ்சு எழுத்தாளர் ழான்-போல் கிளெபேர் எழுதுகிறார். தீய சக்திகளுக்குக் குழந்தை யாரென்று தெரியாமலிருக்க. தங்களுக்குள் புழங்கும் ரோமா பெயர் இரண்டாவது. ஞானஸ்நானத்துக்கும் சான்றிதழுக்கும் மூன்றாவது. அதை எத்தனை முறை மாற்றினாலும் கவலையில்லை. பிச்சை, குப்பம்மா என்று பெயர் வைத்து எமனை ஏமாற்றிய நம் பாட்டிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மத்திய பிரான்சின் ரோமா பிரிவினரான மானூஷ் மக்களோடு பழகி பாத்ரிக் வில்லியம்ஸ் 1993-இல் எழுதிய நூலில் இதைவிட ஆழமான வழக்கம் ஒன்று பதிவாகியிருக்கிறது. இறந்தவர் பெயரை அவர்கள் சொல்வதில்லை. மரியாதை அந்த மௌனத்தில் இருக்கிறது. நாம் கல்லில் வெட்டி நினைவு வைக்கிறோம். அவர்கள் உச்சரிக்காமல் வைக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் நோட்டுப் புத்தகத்தோடு போய் "உங்கள் பாட்டி பெயர் என்ன, பொருள் என்ன" என்று கேட்பவன் எவ்வளவு பெரிய காயத்தைத் தொடுகிறான்!

அப்படிக் கேட்ட ஒருத்தியும் உண்டு. எஃபா யுஸ்டின் என்ற ஜெர்மன் தாதி. நாஜி அரசு 1936-இல் ராபர்ட் ரிட்டரின் தலைமையில் தொடங்கிய இனத்தூய்மை ஆய்வகத்தில் வேலை செய்தவர். ரோமானி மொழி பேசக் கற்றிருந்தார். ஜெர்மனியின் ரோமா பிரிவினரான சிண்டி மக்கள், தங்கள் மொழியில் பேசும் இந்தச் செந்நிறக் கூந்தல்காரியை நம்பி, லோலிச்சாய் என்று பெயரிட்டார்கள். செம்முடிப் பெண் என்று பொருள். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தி, தாய் பெயர், பாட்டி பெயர், பாட்டியின் தாய் பெயர் என்று வம்சாவளி வரையப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்களின் கோப்புகள் அந்த ஆய்வகத்தில் உருவாயின. யாரை முகாமுக்கு அனுப்புவது என்பதற்கு அவை ஆதாரமாயின. அவர்கள் மொழியில் வெளியாள் ஒருத்திக்கு அன்போடு இடப்பட்ட ஒரு பெண்பெயர் இது. பொருள் பட்டியலில் சேர்த்தால் "சிவந்தவள்" என்று ஒற்றைச் சொல்லில் முடிந்துபோகும்.

அவுஷ்விட்ஸ் முகாமில் ரோமா, சிண்டி குடும்பங்களுக்கென்று தனிப் பகுதி இருந்தது. அதன் பதிவேட்டைப் போலந்துக் கைதிகள் மூவர் 1944-இல் ஒரு வாளியில் வைத்து மண்ணில் புதைத்தார்கள். 1949-இல் தோண்டி எடுத்தபோது ஈரத்தில் பக்கங்கள் அழிந்தும் அழியாமலும் இருந்தன. ஏறத்தாழ 20,900 பெயர்கள்; பாதிக்குமேல் பெண்களும் சிறுமியரும். அவை அரசாங்கம் அறிந்த பெயர்கள். வீட்டில் அவர்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதை அந்த ஏடு சொல்லாது.

ஒரு சிறுமியின் பெயர் மட்டும் வேறு வழியில் வந்து சேர்ந்தது. 1944 மே 19 அன்று நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து புறப்பட்ட ரயிலை, முகாம் தலைவர் உத்தரவுப்படி, ருடால்ஃப் பிரெஸ்லவர் என்ற கைதி படம் பிடித்தார். சரக்குப் பெட்டியின் கதவு முழுதும் மூடப்படுமுன், தலையில் துணி சுற்றிய ஒரு சிறுமி வெளியே பார்க்கிறாள். சில நொடிகள்தான். போருக்குப் பிறகு அந்தக் காட்சி உலகமெங்கும் காட்டப்பட்டது. யூதச் சிறுமி என்றே எல்லோரும் எண்ணினார்கள். அவள் பெயர் யாருக்கும் தெரியாது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஆட் வாகெனார் என்ற டச்சுப் பத்திரிகையாளர், படத்தில் தெரிந்த பெட்டி எண்ணையும் ஒரு பயணப் பெட்டியின்மேல் எழுதியிருந்த பிறந்த தேதியையும் பிடித்துக்கொண்டு தேடினார். 1994-இல், அதே ரயில் பெட்டியில் இருந்து உயிர் பிழைத்த ஒரு சிண்டி அம்மையாரைக் கண்டார். கதவிடுக்கில் நின்ற பிள்ளையைத் தலையை உள்ளே இழுத்துக்கொள் என்று தாய் பெயர் சொல்லிக் கத்தியதை அந்த அம்மையார் மறக்கவில்லை. தாய் கூப்பிட்ட பெயர் செட்டேலா. செட்டேலா ஸ்டைன்பாக், ஒன்பது வயது. ஏட்டில் அவள் ஆன்னா மரியா.

அதே ஆண்டு கோடை முடிவதற்குள் அவள் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டாள். ஆன்னா மரியா என்ற பெயரை எந்த ஆவணக் காப்பகத்திலும் தேடி எடுத்திருக்கலாம். படத்தில் இருப்பவள் அவள்தான் என்று எந்தக் காப்பகமும் சொல்லியிருக்காது. செட்டேலா என்ற பெயருக்கு என்ன பொருள் என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அந்தக் கேள்வியில் எனக்கு ஆர்வம் இல்லை.

உயிர் பிழைத்து வந்தவர்களில் ஒருவர் ஆஸ்திரியாவின் ச்சையா ஸ்டோய்கா. 1933-இல் பிறந்தவர். ஏட்டில் மார்கரேட்டெ. மூன்று முகாம்களைக் கடந்தவர். நாற்பது ஆண்டு மௌனத்துக்குப் பிறகு 1988-இல் தன் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். பிறகு ஓவியம் வரைந்தார். புத்தக அட்டையில் மார்கரேட்டெ என்று போடாமல், வீட்டில் கூப்பிட்ட பெயரையே போட்டார். ரோமா என்று சொல்லிக்கொள்வது அப்போதும் ஆஸ்திரியாவில் எளிதான காரியமல்ல. அது அவரே எடுத்த முடிவு. பாப்புஷாவுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் ஊசிமணி பாசிமணி விற்க வரும் நரிக்குறவப் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நரிக்குறவரும் ரோமாவும் ஒரே மக்கள் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. அது சரியில்லை. அவர்கள் பேசும் வாக்ரிபோலி இந்தோ-ஆரிய மொழிதான், ஆனால் குஜராத்திக்கு நெருக்கமானது. சீனிவாச வர்மா அதை ஆராய்ந்து எழுதிய நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970-இலேயே வெளியிட்டது. ரோமானி அதற்கு வெகு காலம் முன்பே பிரிந்து போன வேறு கிளை. ஆனால் இரு மக்களுக்கும் நேர்ந்தது ஒன்றுபோல் இருக்கிறது. நரிக்குறவர் என்பது நாம் இட்ட பெயர். அவர்கள் தங்களை வாக்ரி என்கிறார்கள். பழங்குடியினர் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் 2022 டிசம்பரில் நிறைவேறியபோது அதில் ஏறியதும் நரிக்கொரவன், குருவிக்காரன் என்று பிறர் இட்ட பெயர்கள்தான். சட்டத்தின் பலன் பெரிது, அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் சான்றிதழ் வாங்க வரும் பெண்ணிடம் பெயர் கேட்கும் மேசைக்கு எதிரே ஒரு நீண்ட வரலாறு நிற்கிறது என்பதை வருவாய்த் துறை நண்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும். 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தமிழகத்தின் பல சமூகத்தார் காவல் நிலையத்தில் பெயர் கொடுத்து, ரேகை வைத்து, இரவில் பெயர் கூப்பிடும்போது ஆஜர் சொன்னார்கள். அலைந்து திரிந்த மக்கள் ஒவ்வொருவரும் அந்தச் சந்தேகத்தின் நிழலிலேயே வாழ்ந்தார்கள். பெயர் கேட்கும் வெளியாள் என்றால் யாருக்கும் நல்ல நினைவு வராது.

முதுகலை மாணவிகள் இருவர், வாக்ரிப் பெண்களின் பெயர்களைத் தொகுக்கலாமா என்று என்னிடம் முன்பே கேட்டிருந்தார்கள். செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். முதலில் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், அந்தச் சமூகத்துப் பெண்ணொருத்தியைத் தொகுப்பாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் பெயருக்கு முன்னால் அவள் பெயர் வரட்டும். தர விரும்பும் பெயரை மட்டும் வாங்குங்கள். பொருள் கேட்பதற்கு முன், அந்தப் பெயரை யார் யார் கூப்பிடுவார்கள் என்று கேளுங்கள்: தாயா, கணவனா, மாமியாரா, பள்ளி ஆசிரியரா. அச்சுக்குப் போகுமுன் முழுத் தொகுப்பையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். நீக்கச் சொன்னதை நீக்குங்கள், ஏன் என்று கேட்காதீர்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. சுவீடனில் காத்தரீனா தைக்கோன் என்ற ரோமா எழுத்தாளர் இருந்தார். 1932 முதல் 1995 வரை வாழ்ந்தவர். சிறுவயதில் அவருக்கு முறையான பள்ளிப் படிப்பு கிடைக்கவில்லை. வளர்ந்த பிறகே எழுதப் படிக்கக் கற்றார். 1969 முதல் தன் பால்ய காலத்தைச் சிறுவர்களுக்கான வரிசை நூல்களாக எழுதினார். கதைநாயகியின் பெயர் கட்டீட்ஸி. ஒரு தலைமுறை சுவீடன் பிள்ளைகள் அந்தப் பெயரைப் படித்து வளர்ந்தார்கள். முதல் புத்தகத்தையாவது நல்ல தமிழில் கொண்டுவந்து, இந்த மாவட்டத்தில் நரிக்குறவர் பிள்ளைகளும் மலைக் கிராமத்துப் பிள்ளைகளும் படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். அச்சுச் செலவைப் பகிர்ந்துகொள்ள முன்வருபவர்களும், ஆங்கிலத்திலிருந்தோ ஜெர்மனிலிருந்தோ மொழிபெயர்க்கக் கூடியவர்களும் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்புறம் வந்து என்னைப் பாருங்கள்.